சங்கும் மகராசியும்

மார்ச் 4

தம்பிக்கு,

நீ செஞ்சு அனுப்பின பெட்டி செத்துப்போச்சு. நலம் விசாரிக்கறதெல்லாம் அப்புறம்.

போன்ல சொல்லலாம்தான். ஆனா இந்தத் தீவுல சிக்னல் வேணும்னா தண்ணித் தொட்டி மேல ஏறணும். ஏறிப் பேசினாலும் நீ என்னை ஒரு வாக்கியம் முழுசா முடிக்க விடமாட்ட. கடிதத்துல நடுவுல புகுந்து பேச முடியாது பாரு, அந்தச் சுகத்துக்காகவே எழுதறேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் சிறகு ஒடிஞ்சு கரையில கிடந்த ஒரு ஆலாவுக்கு, அதான் அந்தக் கடல் பறவைக்கு, வைத்தியம் பாத்தேன். தேறினதும் முதுகுல புளியங்கொட்டை அளவுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டரை ஒட்டிப் பறக்க விட்டேன். மகராசின்னு பேர் வச்சிருக்கேன், அப்படி ஒரு அதிகாரம் அவளுக்கு. வைத்தியம் பாத்து விட்ட பறவை மறுவருஷம் முட்டையிடத் திரும்பி வருதுன்னு காட்டினாத்தான் தலைமை ஆபீஸ்ல நான் டாக்டரா இருக்கற இந்தக் கால்நடை, பறவை வைத்திய நிலையத்தை நடத்துவாங்களாம். இல்லன்னா மே கடைசியோட பூட்டு. பூட்டினா நான் உன் வீட்டு ஹால்ல வந்து உக்காந்து, நீ சொல்லாம கொள்ளாம கூட்டிட்டு வர்ற மாப்பிள்ளைங்களுக்கெல்லாம் டீ ஊத்தணும். அதுக்கு நானே ஒரு ஆலாவாப் பறந்து போயிடலாம்.

பறவைங்க வர்ற நேரம் நெருங்குது. அந்த டிரான்ஸ்மிட்டர் சத்தத்தைக் கேக்க வேண்டிய உன் பெட்டியோ செவிடாயிடுச்சு. படகுத்துறை ஆபீஸ் கூரைமேல ஆன்டெனா அப்படியேதான் இருக்கு, வயர் அறுபடல, எலி கடிக்கல. நான் ஒண்ணும் பண்ணல. முதல்லயே சொல்லிட்டேன்.

அக்கா

---

மார்ச் 12

அக்காவுக்கு,

நான் ஒண்ணும் பண்ணலன்னு முதல்லயே சொல்றவங்களைத்தான் எங்க பரிசோதனைக் கூடத்துல முதல்ல சந்தேகப்படுவோம்.

பெட்டி என் மேஜைமேல ரெண்டு வாரம் ஓடி, ஒரு குறையும் இல்லாமத்தான் கிளம்பிச்சு. உன்கூடப் பேச்சு வார்த்தை இல்லாதப்பவே உக்காந்து செஞ்சேன். அதையும் கொஞ்சம் நினைச்சுக்கோ.

அது சாப்ட்வேர் ரேடியோ, அக்கா. பழைய ரேடியோவுக்கு வாசல்ல காவலாள் இருப்பான். ஒரு அலைவரிசையை மட்டும் உள்ள விட்டு, மத்ததைத் திருப்பி அனுப்பிடுவான். இது கல்யாண வீடு மாதிரி, கதவைத் திறந்து வச்சு வர்றவங்க எல்லாரையும் உள்ள விட்டுடும். யார் வேணும் யார் வேணாம்னு கம்ப்யூட்டர் அப்புறம்தான் பிரிக்கும். அதனாலதான் விலையும் கம்மி, அளவும் தீப்பெட்டி. பூனை நடக்கறதைக்கூடக் கேக்கற காது அது. அப்படிப்பட்ட காதுகிட்ட யாரோ கத்தியிருக்காங்க.

ஆன்டெனா பக்கத்துல வேற ஆன்டெனா ஏதாவது இருக்கா? பாத்து எழுது. செத்த ரிசீவரை அனுப்பு. அறுத்துப் பாக்கறேன்.

உன் தம்பி

அப்புறம் ஒண்ணு. அன்னைக்கு உன்னைப் பாக்க நான் கூட்டிட்டு வந்த மாப்பிள்ளை டீ குடிக்காமலே போனார். நீ பஸ் ஏறிட்டன்னு அவர்கிட்டச் சொன்னது நான்தான்.

---

மார்ச் 19

தம்பிக்கு,

பாத்தேன். உன் ஆன்டெனாவுல இருந்து கை நீட்டினாத் தொடற தூரத்துல இன்னொரு கம்பம். படகு ஓட்டற கேப்டனோட ஆபீஸ் வயர்லெஸ் அது. அதே மாதிரி ஒண்ணு அவர் படகுலயும் இருக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. நேரா அவர் ரூமுக்குப் போனேன்.

இந்த ஆளைப் பத்திச் சொல்லணும். பேசினா அக்கரைக்கு வயர்லெஸ்ஸே வேண்டாம், அப்படி ஒரு குரல். நான் மனசுக்குள்ள 'சங்கு'ன்னு பேர் வச்சிருக்கேன். செவிடன் காதுல ஊதின சங்குன்னு கேள்விப்பட்டிருக்கோம். இது ஊதி ஊதியே செவிடாக்கின சங்கு.

"நீங்க பேசிப் பேசி என் ரேடியோ செத்துப்போச்சு"ன்னேன்.

எழுந்து நின்னுட்டார். "டாக்டரம்மா, நான் பேசாம இருந்தா இந்தப் படகுல வர்றவங்க எல்லாம் கடல்லதான் இறங்கணும்."

"அப்போ என் பறவை?"

கையில இருந்த மைக்கை ஒரு தடவை பாத்தார். அப்புறம், "சரிங்க, இனிமே மெதுவாப் பேசறேன்"னார்.

சொன்னபடியே செஞ்சார்டா. மறுநாள் மைக்கை வாய்க்குள்ள திணிக்காத குறையா, காதலி காதுல ரகசியம் சொல்ற மாதிரி, 'படகு வருது, படகு வருது'ன்னு அக்கரைக்குச் சொல்லிக்கிட்டிருந்தார். அக்கரையில இருக்கறவர், 'என்னய்யா உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டுட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. மாட்டு டாக்டருக்குச் சிரிக்கத் தெரியாதுன்னு இங்க எல்லாரும் நினைச்சிட்டிருந்தாங்களாம்.

செத்ததை இதோட அனுப்பறேன். ஏதாவது வழி பண்ணு.

அக்கா

---

மார்ச் 28

அக்காவுக்கு,

அறுத்துப் பாத்தாச்சு. உள்ள நுழைஞ்சதும் முதல்ல இருக்கற பெருக்கி, கடுகு அளவு சில்லு, கருகியே போயிருக்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. வாசல்லயே அடி வாங்கிச் செத்திருக்கு, பாவம்.

கேப்டன்கிட்டச் சொல்லு, அவர் ரகசியம் பேசினாலும் கத்தினாலும் ஒண்ணுதான். பட்டனை அழுத்தின உடனே அலை முழுப் பலத்தோட கிளம்பிடும். அவர் குரல் அதுமேல உக்காந்து போற பயணி மட்டும். அந்த வயர்லெஸ்ல சக்தியைக் குறைக்கற சுவிட்ச் ஒண்ணு இருக்கும். பக்கத்துல இருக்கறவங்களோட பேசறப்போ அதைப் போடச் சொல்லு. ஆனா அக்கரைக்கு முழுப் பலமும் வேணும், அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்ல. உயிர் விஷயம்.

அதனால நம்ம காதைத்தான் நாம காப்பாத்திக்கணும். இதுகூட ஒரு புது ரிசீவரும், சுண்டுவிரல் அளவுல ஒரு உலோக உருளையும் வச்சிருக்கேன். உருளைக்குப் பேர் லிமிட்டர். உள்ள ரெண்டு டயோடு, ஒண்ணுக்கொண்ணு தலைகீழா. சின்ன சத்தம் வந்தா ரெண்டும் தூங்கும். பெரிய சத்தம் வந்தா முழிச்சு, அளவுக்கு மேல இருக்கறதை எல்லாம் மடை மாத்தித் தரைக்கு அனுப்பிடும். ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவுல மாட்டு. மகராசியோட 'டிக் டிக்' மூணு தடவை கேட்டா கம்ப்யூட்டர் மணி அடிக்கும், முன்னாடி மாதிரியே.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரிகிட்டப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சிட்டு, "உங்க அக்கா சிரிச்சதைப் பத்தி எழுதி நான் பாத்ததே இல்லையே"ன்னா.

தம்பி

---

ஏப்ரல் 9

டேய்!

வந்துட்டாடா! மகராசி வந்துட்டா!

மூணு நாளா காலையிலயும் சாயங்காலமும் மணி அடிக்குது. முதல் தடவை அடிச்சப்போ ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டிட்டிருந்தேன். பாட்டிலோட வெளிய ஓடி, துறை நுனி வரைக்கும் போய் நின்னு, பைனாகுலரை எடுத்து வானத்தையே துழாவினேன். வானம் பூரா ஆலாக் கூட்டம், எது மகராசின்னு தெரியல. ஆனா இருக்கா. சத்தம் பொய் சொல்லாதுல்ல?

தலைமை ஆபீஸுக்கு 'திரும்பி வந்தது' அப்படின்னு தகவல் அனுப்பிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு வாழ்த்தினாங்க.

வேடிக்கை என்னன்னா, படகு வர்ற நேரத்துலதான் அவளும் வர்றா. படகு தண்ணியைக் கலக்கினா மீன் மேல வரும், அதைத் தேடி வர்றா போல. என்ன புத்திசாலி பாரு. கேப்டன்கூட இப்பல்லாம் ரொம்ப உற்சாகமா இருக்கார். நான் துறைக்கு ஓடி வர்றதைப் பாத்துக் கையை ஆட்டறார். தினமும் சட்டையை இஸ்திரி போட்டுப் போடறார், தாடியை எடுத்துட்டார். எடுத்ததும் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. உன் லிமிட்டருக்கு அவரும் நன்றி சொல்லச் சொன்னார். நேத்து கூரையில வயரைக் கட்ட ஏணியைப் பிடிச்சுக்கிட்டது அவர்தான். அவருக்கு இந்தக் கடல்ல எந்த மாசம் எந்தக் காத்து வரும்னு எல்லாம் தெரியுது, கேட்டுக்கிட்டே இருக்கலாம்.

நீ கெட்டிக்காரன். ஒத்துக்கறேன், பத்திரமா வச்சுக்கோ, திரும்பச் சொல்ல மாட்டேன்.

அக்கா

---

ஏப்ரல் 17

அக்கா,

இதை எழுத எனக்கு மனசே வரல. உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். சந்தோஷமா இருக்கற ஆளோட வயித்துல அடிக்கற மாதிரி இருக்கு.

அது மகராசி இல்லையோன்னு பயப்படறேன்.

லிமிட்டர் காதைக் காப்பாத்தும். ஆனா அதுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ரெண்டு பெரிய சத்தம் ஒரே நேரத்துல அந்த டயோடுல வந்து மோதினா, ரெண்டும் கலந்து மூணாவதா ஒண்ணு பிறக்கும். யாருமே அனுப்பாத சத்தம் அது. பேய்னு வச்சுக்கோ. உங்க கலங்கரை விளக்கத்துல இருந்து வானிலை அறிவிப்பு ஓயாம போயிட்டே இருக்கு, இல்லையா? கணக்குப் போட்டுப் பாத்தேன். கேப்டனோட அலைவரிசையை ரெண்டால பெருக்கி, வானிலையைக் கழிச்சா என்ன வருது தெரியுமா? மகராசியோட நம்பர். அச்சு அசலா.

அவ படகு நேரத்துக்கு வர்றதுக்குக் காரணம் மீன் இல்ல, கேப்டன்.

நிச்சயமாத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. இதுல இன்னொரு குட்டி உருளை வச்சிருக்கேன், சத்தத்தைக் குறைக்கறது. லிமிட்டருக்கு முன்னாடி, ஆன்டெனா பக்கமா மாட்டு. நிஜமான சத்தமா இருந்தா திரையில கோடு ஒரு படி இறங்கும். பேயா இருந்தா மூணு படி இறங்கும். நிஜம் தள்ளாடும், ஆனா நிக்கும். பேய் ஓடிடும்.

கோபம் வந்தா என்மேலயே காட்டு. மூணு டிக் கேட்டாலே நம்பிடுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தது நான்தானே.

தம்பி

இவ எழுதச் சொல்றா: "உங்க கடிதத்துல பறவை வந்ததை விடக் கேப்டன் வந்ததுதான் அதிகம்." சொன்னது அவ, நான் இல்ல.

---

ஏப்ரல் 26

தம்பிக்கு,

உருளையை மாட்டினேன். சாயங்காலம் படகு வந்துச்சு. பேய் ஓடிடுச்சு.

அரை மணி நேரம் கம்ப்யூட்டரையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் கேப்டன் ரூமுக்குப் போனேன். "படகு துறைகிட்ட வர்றப்போ அதுல இருக்கற வயர்லெஸ் பட்டனை அழுத்திப் பேசறீங்களா?"ன்னு கேட்டேன்.

"பேசறது இல்லைங்க"ன்னார். முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "சும்மா... மூணு தடவை அழுத்துவேன். டிக் டிக் டிக்னு."

"எதுக்கு?"

"நீங்க வெளிய வருவீங்களேன்னு."

எனக்கு முதல்ல புரியல. மெல்லமெல்லத்தான் புரிஞ்சுது. முதல் நாள் ஏதோ பழக்க தோஷத்துல பட்டனைத் தட்டியிருக்கார். உள்ள மணி அடிச்சிருக்கு. நான் மகராசின்னு நினைச்சுத் தலைதெறிக்க ஓடி வந்திருக்கேன், கையில மருந்து பாட்டிலோட. மறுநாளும் தட்டியிருக்கார், மறுபடியும் ஓடி வந்திருக்கேன். இவர் என்ன நினைப்பார், நீயே சொல்லு. டாக்டரம்மா நம்மளைப் பாக்கத்தான் இப்படி ஓடி வர்றாங்கன்னு நினைச்சு, சட்டைக்கு இஸ்திரி, முகத்துக்கு சவரம்!

பெட்டியில நடந்ததைச் சொன்னேன். அவ்வளவு பெரிய ஆளு, அவ்வளவு சின்னக் குரல்ல கேட்டார்: "அப்போ நீங்க ஓடி வந்தது என்னைப் பாக்க இல்லையா?"

இந்தத் தடவை நிஜமாவே மெதுவாத்தான் பேசினார்.

பதில் சொல்லாம வந்துட்டேன்.

தலைமை ஆபீஸுக்கு 'திரும்பி வரவில்லை, கருவியின் பிழை' அப்படின்னு எழுதிட்டேன். மேலதிகாரி திட்டல. "மே கடைசி வரைக்கும் பாருங்க"ன்னாங்க, அவ்வளவுதான். மத்த ஆலாவெல்லாம் மணல்ல குழி பறிச்சு முட்டையிட ஆரம்பிச்சாச்சு. மகராசி எந்தக் கடல்ல இருக்காளோ.

உன்மேல கோபம் இல்ல. கோபப்படவும் தெம்பு இல்ல.

அக்கா

---

மே 5

அக்கா,

மன்னிச்சுக்கோ, உன் கடிதத்தைப் படிச்சு நானும் இவளும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் உன் கடைசி வரிகளைப் படிச்சதும் நான் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பிட்டேன்.

இந்தப் பார்சல்ல ஒரு சாண் நீளத்துக்குத் தகர டப்பா ஒண்ணு இருக்கும். ஃபில்டர். பழைய ரேடியோவுக்குக் காவலாள் உண்டுன்னேனே, அவனைத் தனியாச் செஞ்சு அனுப்பியிருக்கேன். மகராசியோட அலைவரிசையை மட்டும் விடுவான். கேப்டனையும் வானிலையையும் வாசல்லயே நிறுத்திடுவான். இங்க ஆபீஸ் முடிஞ்சு எல்லாரும் போனதும் உக்காந்து திருகித் திருகி சரி பண்ணினேன். திருகுமேல பெயிண்ட் வச்சிருக்கேன், தயவுசெஞ்சு தொட்டுப் பாக்காத.

வரிசை முக்கியம்: ஆன்டெனா, அப்புறம் ஃபில்டர், அப்புறம் லிமிட்டர், கடைசியா ரிசீவர். முதல்லயே நான் இதைச் செஞ்சிருக்கணும். ஆன்டெனாவையும் கூரையில இருந்து எடுத்து, தண்ணித் தொட்டி மேல வை. எவ்வளவு தள்ளிப் போறோமோ அவ்வளவு நல்லது. கவசம் எத்தனை போட்டாலும், அடிக்கற கைக்குப் பக்கத்துல போய் நிக்கக் கூடாதுல்ல.

ஏணியைப் பிடிக்க யாரைக் கூப்பிடுவியோ, கூப்பிட்டுக்கோ.

இன்னொரு செய்தி. அன்னைக்கு நான் கூட்டிட்டு வந்தவருக்குப் போன வாரம் கல்யாணம் ஆச்சு. விருந்து பிரமாதம். இனிமே மாப்பிள்ளை பாக்கறதைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். இவளும் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. அதனால கேப்டன் கேட்ட கேள்விக்கு நீ என்ன பதில் சொன்னன்னு நான் கேக்கவே மாட்டேன்.

(என்ன சொன்ன?)

தம்பி

---

மே 16

தம்பிக்கு,

டப்பாவை மாட்டியாச்சு. தண்ணித் தொட்டிமேல ஆன்டெனாவை ஏத்தினது கேப்டன். நான் கூப்பிடல, ஏணி சாஞ்சு நிக்கறதைப் பாத்துட்டு அவரே வந்துட்டார். ரெண்டு வாரமா நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்காத மாதிரியே நடந்துக்கிட்டிருந்தோம். ஒரு துறை, ஒரு ஆபீஸ், ஒரு குழாய். பாக்காம இருக்கறதுக்கு எவ்வளவு பாடுபடணும் தெரியுமா?

அவரை வயர்லெஸ் முன்னாடி உக்கார வச்சு, "முழுப் பலத்துல அழுத்துங்க"ன்னேன். அழுத்தினார். பேசினார். அக்கரைக்காரரை நலம் விசாரிச்சார், அவர் வீட்டு மாட்டைக்கூட விசாரிச்சார். திரையில ஒரு அசைவு இல்ல. கோடு தூங்கற குழந்தை மாதிரி கிடந்துச்சு. மணி அடிக்கல. "சரிதானுங்களா?"ன்னார். "சரிதான்"னேன்.

"அப்போ இனிமே நான் அழுத்தினா நீங்க வரமாட்டீங்க"ன்னார்.

அப்போதான் சொன்னேன். முதல் ரெண்டு நாள் பறவைக்காகத்தான் ஓடி வந்தேன். அப்புறம் பாட்டிலைக் கீழ வச்சு, தலையை வாரிக்கிட்டு வந்தேன். பறவையைப் பாக்க யாராவது தலை வாருவாங்களான்னு கேட்டேன்.

போதுமா? உன் அடைப்புக்குறிக்குப் பதில் கிடைச்சுதா?

மகராசிதான் இன்னும் வரல. மே முடிய இன்னும் கொஞ்சம் இருக்கு.

அக்கா

---

மே 27

தம்பிக்கு,

தலைமை ஆபீஸ்ல இருந்து பதில் வரட்டும்னு நாலு நாள் பல்லைக் கடிச்சுப் பொறுத்துட்டு எழுதறேன்.

அன்னைக்கு மத்தியானம் தெற்கே இருந்து கருமேகம் ஏறி வந்துச்சு. கேப்டன் முழுப் பலத்துல அக்கரையைக் கூப்பிட்டு, அடுத்த படகை நிறுத்தச் சொல்லிட்டிருந்தார். கலங்கரை விளக்கத்துலயும் புயல் எச்சரிக்கை ஓடிட்டிருந்துச்சு. ரெண்டு சங்கும் ஒண்ணா ஊதற நேரம். அப்போ மணி அடிச்சுது.

நான் எழுந்திருக்கவே இல்லடா. பேய்தான், டப்பா திருகு கழண்டிருக்கும்னு நினைச்சேன். குறைக்கற உருளையை எடுத்து மாட்டினேன். கோடு இறங்கிச்சு. ஒரே ஒரு படி. அங்கேயே நின்னுச்சு. டிக், டிக், டிக். கேப்டன் பேசி முடிச்சு பட்டனை விட்டார். அப்பவும் டிக், டிக். கூரை அதிர மழை இறங்கிச்சு, அப்பவும் டிக், டிக். நான் போட்ட சத்தத்துல கேப்டன் நாற்காலியைத் தள்ளிட்டு ஓடி வந்தார், யாரையோ பாம்பு கடிச்சுதுன்னு நினைச்சு.

மழை விட்டதும் சின்னப் படகை எடுத்துக்கிட்டு மணல் திட்டுக்குப் போனோம். பக்கத்துல போகல, தள்ளி நின்னு பைனாகுலர்ல தேடினோம். கண்டுபிடிச்சது அவர்தான். நனைஞ்ச மணல்ல, ஒரு சின்னக் குழியில, முதுகுல அந்தக் குட்டி முடிச்சோட உக்காந்திருந்தா. நான் தைச்ச சிறகு லேசா ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு ஆண் ஆலா வாயில மீனோட வந்து நின்னான். உடனே வாங்கிக்கல அவ. முகத்தைத் திருப்பிக்கிட்டா. அவன் சுத்திச் சுத்தி வந்தான். அப்புறம்தான் போனாப் போகுதுன்னு வாங்கிக்கிட்டா. நான் அழுதேன், கேப்டன் கைக்குட்டை குடுத்தார். அதுவும் இஸ்திரி போட்டது.

இந்தத் தடவை தலைமை ஆபீஸுக்குச் சத்தப் பதிவோட சேத்து அவளோட போட்டோவும் அனுப்பினேன். நிலையம் நடக்கும். இன்னும் அஞ்சு பறவைக்கு டிரான்ஸ்மிட்டர் தர்றாங்களாம். உன் தகர டப்பா மாதிரி வேற ரெண்டு தீவுக்கும் வேணும்னு கேக்கறாங்க, முகவரி குடுத்திருக்கேன்.

அடுத்த வாரம் நீயும் உன் வீட்டுக்காரியும் கிளம்பி வாங்க. மறுக்காத. கேப்டன் உன்கிட்ட ஒரு விஷயம் முறையாக் கேக்கணுமாம். எனக்குத் தம்பின்னு நீ ஒருத்தன்தானே, வேற யார்கிட்டக் கேப்பார்? "எனக்குச் சம்மதம், அது போதாதா"ன்னேன். போதாதாம். என்ன பேசணும்னு தினமும் என்ஜின் ரூம்ல தனியா நின்னு ஒத்திகை பாக்கறார். துறை பூரா கேக்குது. மூட்டை தூக்கறவங்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கவனமாக் கேளு. அவர் கேட்ட உடனே 'சரி'ன்னு சொல்லித் தொலைச்சிடாத. உனக்கு அவசர புத்தி. கொஞ்ச நேரம் யோசிக்கற மாதிரி கடலைப் பாத்துட்டு நில்லு. அந்த மனுஷன் தவிக்கறதை நான் பக்கத்துல நின்னு ஆசை தீரப் பாக்கணும்.

உன் அக்கா